ஒரே பத்திரத்தில் இரண்டு ஊர்

கல்கத்தாவுக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வங்கி உத்தியோகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், பதவி உயர்வு என்றால் கூடவே பெட்டியும் கட்ட வேண்டும். "பதவி உயர்வு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதே நாற்காலியில் நிம்மதியாக இருக்கும் நண்பர்கள் எனக்கு நிறைய. நானும் பேனாவை எடுத்துவிட்டேன். அம்மணிதான், "பொண்ணு ஏழாவதுதான் முடிச்சிருக்கா, இப்ப போகலேன்னா அப்புறம் எப்பவுமே போக மாட்டோம்" என்றார். 2023 ஜூனில் வந்து இறங்கினோம்.

அப்பா வரவில்லை. மாயவரம் பக்கத்தில் பதிவு அலுவலக வாசலில் நாற்பது வருஷம் பத்திரம் எழுதியவர். எழுபத்தொன்பது வயது. "எனக்கு அங்க யாரைடா தெரியும்? அந்த ஊருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

முதல் ஆறு மாதம் மூன்று பேரும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தோம். மகள் பள்ளியிலிருந்து வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். அப்பாவுக்குத் தினமும் போன் செய்வேன். அவர் கேட்ட கேள்வி மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

பதில் கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹௌராவிலிருந்து அரை மணிக்குச் சற்றுக் கூடுதலான லோக்கல் ரயில் பயணத்தில்.

அலுவலகத்தில் பக்கத்து சீட்டு வங்காளி நண்பர்தான் "ஸ்ரீராம்பூர் போய்ப் பாருங்கள், ஆற்றங்கரை நன்றாக இருக்கும்" என்றார். வெள்ளைக்காரன் வாயில் செராம்பூர் ஆன ஊர். அந்த ரயில் பாதைக்கே ஒரு கதை உண்டு. கிழக்கிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹௌராவிலிருந்து ஹூக்ளி வரை, 24 மைல் ஓடியது இதில்தான். வழியில் நின்ற ஊர்களில் செராம்பூரும் ஒன்று.

ஸ்டேஷனில் இறங்கி டோட்டோ (பேட்டரி ஆட்டோவுக்கு இங்கே அதுதான் பெயர்) பிடித்து ஆற்றுப் பக்கம் போனோம். உயரமான கோபுரத்தோடு ஒரு வெள்ளை தேவாலயம். செயின்ட் ஓலாவ் தேவாலயம், 1806-ல் முடிந்தது. முகப்பில் ஒரு கிரீடம், அதன் கீழே ஆங்கில 'சி' எழுத்தும் 7-ம் சேர்ந்த ஒரு முத்திரை. மகள் பார்த்துவிட்டு, "அப்பா, செவன்த் சி! என்னோட பழைய செக்‌ஷன்!" என்றாள். வந்த ஆறு மாதத்தில் அவள் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அது செவன்த் சி இல்லை. டென்மார்க் ராஜா ஏழாம் கிறிஸ்டியனின் முத்திரை. எனக்கு அங்கேயே உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் இதே மாதிரி கிரீடமும் எழுத்துமாக இன்னொரு முத்திரையைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். தரங்கம்பாடியில், 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில். அது நான்காம் ஃபிரெடரிக் ராஜாவுடையது. அப்பாவின் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து கோட்டை பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே திரும்பி வந்தன.

தரங்கம்பாடி கதை நம்மில் பலருக்குத் தெரியும். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினார்கள். அதே டேனிஷ்காரர்கள் 1755-ல் வங்காள நவாப் அலிவர்தி கானிடம் அனுமதி வாங்கி இந்த ஆற்றங்கரையில் இடம் பிடித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. தங்கள் ராஜா பெயரில் ஃபிரெடரிக்ஸ்நகர் என்று பெயர் வைத்தார்கள். இந்த ஊருக்குத் தலைமை எது தெரியுமா? தரங்கம்பாடி! நம் மாயவரத்துப் பக்கத்துக் கடற்கரை கிராமம் 'ஹெட் ஆபீஸ்', கல்கத்தாவுக்குப் பக்கத்து ஊர் 'பிராஞ்ச்'.

இந்தச் சின்ன நாட்டுக்காரர்கள் இங்கே எப்படிப் பிழைத்தார்கள்? வங்கிக்காரனுக்கு ருசியான இடம் இதுதான்.

ஆங்கிலக் கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள் வங்காளத்தில் சம்பளத்தைவிடச் சொந்த வியாபாரத்திலும் மற்ற வழிகளிலும் அதிகம் சேர்த்தார்கள். சேர்த்ததை ஊருக்கு அனுப்புவதுதான் பிரச்சினை. கம்பெனி வழியாக அனுப்ப வரம்பு உண்டு, கேள்வியும் வரும். அதனால் ரூபாயை டேனிஷ்காரர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் அந்த ரூபாயில் வங்காளத் துணி வாங்கிக் கோபன்ஹேகனுக்குக் கப்பல் ஏற்றினார்கள். கொடுத்தவருக்கு ஒரு மாற்றுச்சீட்டு. பிளஸ் டூ வணிகவியலில் கோடு போட்டு எழுதுவோமே, அதே மாற்றுச்சீட்டுதான். சரக்கு விற்றதும் ஐரோப்பாவில் பணம் கைக்கு வரும். டேனிஷ்காரர்கள் முதல் போடாமலே வியாபாரம் செய்தார்கள், ஆங்கிலேயர்கள் சத்தமில்லாமல் பணத்தை ஊர் சேர்த்தார்கள். அமெரிக்க சுதந்திரப் போர்க் காலத்தில் இங்கிலாந்தும் பிரான்சும் ஹாலந்தும் கடலில் மோதிக்கொண்டபோது, நடுநிலையில் இருந்த டென்மார்க் கொடிக்கு ஏக கிராக்கி. செராம்பூர் கொழித்தது.

இந்தக் கொடி இன்னொரு வேலையும் செய்தது. அந்தக் காலத்தில் ஆங்கிலக் கம்பெனி தன் எல்லையில் மிஷனரிகளை அனுமதிக்கவில்லை. வில்லியம் கேரியும் தோழர்களும் 1800-ல் டேனிஷ் செராம்பூரில்தான் அடைக்கலம் புகுந்தார்கள். அங்கே அவர்கள் வைத்த அச்சகம் பல இந்திய மொழிகளில் புத்தகம் போட்டது. பஞ்சானன் கர்மகார் என்ற உள்ளூர்க் கலைஞர் எழுத்துகளை வெட்டிக் கொடுத்தார். 1818-ல் 'சமாசார் தர்பண்' என்ற வங்காளப் பத்திரிகை இங்கிருந்து வந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715-ல். அதாவது, இரண்டு ஊரிலும் ராஜா வியாபாரத்துக்குக் கொடி நட்டார். இன்றைக்கு ஊர் பெயர் சொல்ல மிஞ்சியது அச்சு.

1808-ல் ஆங்கிலேயர்கள் செராம்பூரையும் தரங்கம்பாடியையும் பிடித்துக்கொண்டார்கள். ஐரோப்பாவில் டென்மார்க்கோடு சண்டை வந்துவிட்டது. 1815-ல் திருப்பிக் கொடுத்தபோது வியாபாரம் போயே போச்சு. வரவு இல்லை, செலவு மட்டும். கடைசியில் 1845-ல் டென்மார்க் ராஜா விற்றுவிட்டார். செராம்பூர், தரங்கம்பாடி, கூடவே பாலசோரில் ஒரு துண்டு நிலம். எல்லாம் சேர்த்து விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய்.

அன்று இரவு அப்பாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பத்திரக்காரர் ஆயிற்றே!

"ரெண்டும் ஒரே கிரயப் பத்திரமா?"

"ஆமாம்பா. ஒரே உடன்படிக்கை."

"கிரயம் கம்மிதான். வில்லங்கம் ஏதாவது உண்டா?"

நான் சிரித்துவிட்டேன். ஆனால் தேடிப் பார்த்தால், இருந்தது! கேரியும் தோழர்களும் 1818-ல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு 1827-ல் டென்மார்க் ராஜா ஒரு சாசனம் கொடுத்திருந்தார். பட்டம் வழங்கும் உரிமை அதில் உண்டு. 1845 உடன்படிக்கையில், அந்த உரிமைகளில் ஆங்கிலேயர்கள் கைவைக்கக் கூடாது என்று தனி ஷரத்தே போட்டிருக்கிறார்கள். அந்த ஷரத்தின் பலன் இன்றும் தொடர்கிறது. மதுரையிலும் சென்னையிலும் இறையியல் படிக்கும் எத்தனையோ பேருக்குப் பட்டம் வருவது இந்த செராம்பூரிலிருந்துதான்.

மறுநாள் இதைச் சொன்னதும் அப்பா, "எழுதினவன் கெட்டிக்காரன்" என்றார். அதற்குப் பிறகு அவரே ஞாயிறு இரவு போன் செய்ய ஆரம்பித்தார். "இந்த வாரம் எந்த ஊர் போனே?"

போய்க்கொண்டுதான் இருந்தோம். அதே ரயில் பாதையில் கொஞ்சம் மேலே சந்தன்நகர். பிரெஞ்சுக்காரர் ஊர். நம் புதுச்சேரியின் தம்பி என்றே சொல்லலாம். புதுச்சேரி கவர்னராக நாம் படித்த டூப்ளே, 1731-லிருந்து சுமார் பத்து வருடம் இங்கேதான் தலைவராக இருந்து, வியாபாரத்தைப் பெருக்கி, பிறகு புதுச்சேரிக்கு மாற்றலாகிப் போனார். (அவருக்கும் பதவி உயர்வோடு மாற்றல்தான்!) 1757 மார்ச்சில் கிளைவும் வாட்சனும் இந்த ஊர்க் கோட்டையை அடித்து நொறுக்கினார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் பிளாசி. 1910-ல் அரவிந்தர் கல்கத்தாவிலிருந்து தப்பி வந்து ஒளிந்தது சந்தன்நகரில். இங்கிருந்துதான் புதுச்சேரி போனார். ஒரு பிரெஞ்சு ஊரிலிருந்து இன்னொரு பிரெஞ்சு ஊருக்கு. 1949-ல் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் பெருவாரியாக இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். 1950 மே 2 அன்று நிர்வாகம் கைமாறியது. 1954 அக்டோபரில் சந்தன்நகர் மேற்கு வங்கத்தோடு இணைய, அடுத்த மாதமே புதுச்சேரியில் கொடி மாறியது.

அதற்கும் அடுத்து சின்சுரா. டச்சுக்காரர் ஊர். இது விற்பனை இல்லை, பண்டமாற்று. 1824 உடன்படிக்கையில் சுமத்ராவில் இருந்த பென்கூலனை ஆங்கிலேயர்கள் கொடுத்தார்கள். டச்சுக்காரர்கள் இந்தியாவில் மிச்சமிருந்த இடங்களைக் கொடுத்தார்கள். சின்சுராவும், நம் பழவேற்காடும், தூத்துக்குடியும் அதே உடன்படிக்கையில் கைமாறின. சின்சுராவின் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது எனக்குப் பழவேற்காடு கல்லறைகள் நினைவுக்கு வந்தன. நாலைந்து வருடம் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று வந்தவர்கள்தான் இரண்டு இடத்திலும் படுத்திருக்கிறார்கள்.

ஏன் எல்லோரும் இந்த ஒரே கரையில்? சப்தகிராம் என்ற பழைய துறைமுகத்துக்குப் போகும் சரஸ்வதி ஆறு பதினாறாம் நூற்றாண்டில் தூர்ந்தது. கப்பல்கள் ஹூக்ளி ஆற்றுக்கு வந்தன. போர்ச்சுகீசியர்கள் ஹூக்ளியில் கடை போட்டார்கள், மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். துணி, பட்டு, பீகாரிலிருந்து படகில் வரும் வெடியுப்பு, எல்லாம் இந்த ஆற்று வழிதான் இறங்கும். ஆற்றில் தண்ணீர் ஓடும் இடத்தில் பணம் ஓடியது.

போன டிசம்பரில் அப்பா கோரமண்டலில் ஏறி வந்துவிட்டார். தானாகவே. "அந்த பிராஞ்ச் ஆபீஸைப் பார்த்துட்டுப் போறேன்" என்றார்.

செராம்பூர் கூட்டிப் போனேன். முதலில் மாஹேஷ். டேனிஷ்காரர்களுக்கு வெகு காலம் முன்பிருந்தே ஜகந்நாதர் ரத யாத்திரை நடக்கும் இடம். 1885-ல் செய்த ஐம்பதடி இரும்புத் தேரைப் பார்த்து, "நம்ம திருவாரூர்த் தேர் மாதிரி வருமா" என்றார் (எதிர்பார்த்ததுதான்). பிறகு செயின்ட் ஓலாவ். அந்த முத்திரையை மகள் தாத்தாவுக்குக் காட்டினாள். "அது ஏழாம் கிறிஸ்டியன் தாத்தா, நம்ம ஊர்ல இருக்கறது நாலாம் ஃபிரெடரிக்." ஆறு மாதம் கதவைச் சாத்திக்கொண்டிருந்த பெண்!

பக்கத்திலேயே 1786-ல் கட்டிய டேனிஷ் டாவர்ன். இடிந்து கிடந்ததைச் செப்பனிட்டு 2018-ல் திறந்திருக்கிறார்கள். அங்கே காபி குடித்துவிட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். அப்பா வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க கடல், இங்க ஆறு. ரெண்டையும் ஒரே பத்திரத்துல வித்திருக்கான். வித்தவன் ஒரு தடவையாவது வந்து பார்த்திருப்பானாடா?"

கையெழுத்துப் போட்ட ராஜா எட்டாம் கிறிஸ்டியன் இரண்டு ஊரையும் பார்த்ததில்லை. நாங்கள் இரண்டையும் பார்த்துவிட்டோம். அதைச் சொன்னேன். சிரித்தார்.

மூன்று வருடம் முடியப்போகிறது. விருப்ப மாற்றல் படிவம் என் மேஜை டிராயரில் இருக்கிறது. அப்பாவின் வயதை நினைத்து, ஊர் பக்கம் என்றுதான் எழுதுவேன். மகள்தான், "பத்தாவது முடிச்சுட்டுப் போலாமே" என்று இழுக்கிறாள்.

கல்கத்தாவுக்கு மாற்றல் வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு ஞாயிறு காலையில் ஹௌராவில் பண்டேல் லோக்கலில் ஏறுங்கள். நாகப்பட்டினம், புதுச்சேரி, தூத்துக்குடி, எந்தப் பக்கத்துக்காரராக இருந்தாலும் சரி, உங்கள் ஊருக்கு ஒரு சொந்தக்காரர் அந்தக் கரையில் எங்கோ இருப்பார். பெயர் கேட்டு விசாரித்துவிட்டு வாருங்கள்.