கொள்கலன் கப்பல்கள்: எத்தனை தேவை என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

வெளிநாட்டு உறவுகள் கடல்வழியாக அனுப்பும் பெட்டி ஏன் சொன்ன திகதிக்கு வருவதில்லை என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் ஒரு கணக்கைச் சொல்வேன். சீனாவிலிருந்து வட ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்ப ஒரு கப்பலுக்கு ஏறத்தாழ 12 வாரங்கள் பிடிக்கும். வழியிலுள்ள துறைமுகங்களுக்கு வாரம் ஒரு கப்பல் வரவேண்டுமானால் 12 கப்பல்கள் வேண்டும். பயணம் இரண்டு வாரம் நீண்டால் அதே சேவைக்கு 14. 2006இல் ஏ9 வீதி மூடப்பட்டபின் யாழ்ப்பாணத்தில் கப்பலை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு, ஒரு கப்பல் குறைந்தால் கடையில் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. புதிய கப்பலுக்கு ஓடர் கொடுத்தால் கைக்கு வர இரண்டு, மூன்று ஆண்டுகள். அது ஓடப்போவதோ 20, 25 ஆண்டுகள். அடுத்த மாதச் சரக்கின் அளவே நிச்சயமில்லை. அதனால் நிறுவனங்கள் ஒரு பகுதிக் கப்பல்களைச் சொந்தமாக வைத்து, மிகுதியை வாடகைக்கு எடுக்கின்றன. சரக்குக் குறைந்தால் வேகத்தைக் குறைக்கின்றன, ஒரு வாரப் பயணத்தை ரத்துச் செய்கின்றன.

வாடகையும் காலை வாரலாம். தென்கொரியாவின் ஹன்ஜின் நிறுவனம் சந்தை உச்சத்திலிருந்தபோது நீண்டகால ஒப்பந்தங்களில் கூடிய வாடகைக்குக் கப்பல்களை எடுத்தது. சரக்குக் கட்டணம் சரிந்தபின்னும் பழைய வாடகையையே கட்டவேண்டியிருந்தது. 2016 ஓகஸ்ட் இறுதியில் நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியது. 2017 பெப்ரவரியில் வங்குரோத்தானது. கூலி கிடைக்காதென அஞ்சிய துறைமுகங்கள் பல அதன் கப்பல்களை உள்ளே எடுக்கவில்லை. ஏறத்தாழ 1,400 கோடி டொலர் பெறுமதியான சரக்குச் சிக்கிக்கொண்டது. திட்டம் போட்டவர்கள் அல்ல, மாலுமிகளே நடுக்கடலில் கிடந்தார்கள்.

பிழைத்த கணக்கு தற்செயலாகச் சரியாவதும் உண்டு. கொரோனாக் காலத்தில் கட்டணம் எகிறியபோது நிறுவனங்கள் கப்பல்களை ஓடர் செய்து குவித்தன. அவை வந்துசேரும்போது பாதிக்கு வேலையிருக்காது என்ற பேச்சு எழுந்தது. அந்நேரம் பார்த்து, 2023 டிசெம்பரில் செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. 12 என்பது 14 ஆனது. உபரிக் கப்பல்களுக்கு ஓட்டம் கிடைத்தது.

கொழும்பின் இடமும் இந்தக் கணக்குக்குள்தான். அங்கு கையாளப்படும் கொள்கலன்களில் பெரும்பகுதி இலங்கைக்குரியதல்ல. கப்பல் மாற்றி ஏற்றப்படுபவை. சென்னைக்கும் சிட்டகொங்குக்கும் தனித்தனியே பெரிய கப்பல் விட்டால் பாதி வெறுமையாக ஓடலாம். இரண்டையும் கொழும்பில் சேர்த்தால் ஓரிடத்துக் குறைவை மற்றையது நிரப்பும். ஆனால் எந்தத் துறைமுகத்தில் சேர்ப்பது என்பதை நிறுவனமே தீர்மானிக்கிறது. அதை மாற்றப் புதிய கப்பல் எதுவும் கட்டத் தேவையில்லை. கேரளத்தின் விழிஞ்ஞத்துக்கு முதலாவது பெரிய கொள்கலன் கப்பல் 2024 ஜூலையில் வந்தது.