கதிரியக்கக் கழிவடக்கத்தில் சுரங்கத் துணைப்பொருள்கள்

கனிமத்தைத் தோண்டும்போதும், எரிக்கும்போதும், உருக்கும்போதும் மிஞ்சும் மண், கல்தூள், சாம்பல், கசடு ஆகியவற்றைக் கொண்டு அணுக்கழிவைக் கட்டிவைக்கும் முறை. அரியலூர் மாவட்டம் மீன்சுருட்டியில் அணுக்கழிவு அடக்கிடம் எதுவும் இல்லை. ஆயினும் இதற்கு வேண்டிய சரக்கு கிடைக்கும் நிலத்தின் நடுவே இவ்வூர் அமைந்துள்ளது. மேற்கே அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும், வடக்கே நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் அதன் சாம்பலும் உள்ளன. அருகிலுள்ள ஜெயங்கொண்டத்திலும் பழுப்பு நிலக்கரி படிந்துள்ளது. அதற்கென நிலம் கையகப்படுத்தப்பட்டும் சுரங்கம் திறக்கப்படவில்லை.

ஊதுலைக் கசடும் நிலக்கரிச் சாம்பலும் ஆலைக் கழிவுகளே, சுரங்கக் கழிவுகள் அல்ல என்பாரும் உளர். இரண்டும் தோண்டியெடுத்த பொருளின் எச்சம் என்பதால் இங்கே சேர்க்கப்படுகின்றன.

வகைப்பாடு

இப்பொருள்களை அவை செய்யும் வேலையை வைத்துப் பிடிப்பன, தடுப்பன, இறுக்குவன என மூன்றாகப் பிரிக்கலாம்.

பிடிப்பனவற்றில் முதன்மையானது வெர்மிகுலைட். கண்டிப்பாகப் பார்த்தால் இது தனக்காகவே தோண்டப்படும் கனிமம், துணைப்பொருள் அன்று. ஆனால் இதை விட்டுவிட்டு இத்துறையைப் பற்றி எழுத இயலாது. அப்பிரகம் வெயிலிலும் நீரிலும் சிதைந்து வெர்மிகுலைட் ஆகிறது. சூடேற்றினால் அடுக்குகளுக்கு இடையிலுள்ள நீர் ஆவியாகி, புழு நெளிவதுபோல் உப்பி நீள்கிறது. புழுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே பெயராயிற்று. அப்பிரகத்தின் அடுக்குகளுக்கு இடையே பொட்டாசியம் அமர்ந்திருந்த குழிகளில் அணுக்கழிவிலுள்ள சீசியம் அயனி தன் நீருறையைக் கழற்றிவிட்டு அமர்ந்துகொள்கிறது. அளவு பொருந்திவிடுவதால் எளிதில் வெளியேறாது. சீசியம்-137 சிமெண்ட்டில் மட்டும் கிடந்தால் நீர் பட்டால் எளிதில் கரைந்து வெளியேறிவிடும். ஆகவேதான் சிமெண்ட் கலவையில் வெர்மிகுலைட் சேர்க்கும் வழக்கம் இந்திய அணுக்கழிவு நிலையங்களில் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் இது திருப்பத்தூரை அடுத்த செவ்வாத்தூரில் கிடைக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அதை எடுத்து வந்தது. அதே செவ்வாத்தூர்ப் பாறையில் யுரேனியம் கலந்த பைரோகுளோர் என்னும் கனிமமும் உண்டு. பல கோடி ஆண்டுகள் யுரேனியத்தைச் சுமந்திருக்கும் இக்கனிமத்தின் படிக அமைப்பைப் பின்பற்றி அணுக்கழிவுக்கான செயற்கைப் பீங்கான்களை அறிவியலாளர் உருவாக்கி வருகின்றனர்.

தடுப்பனவற்றில் பென்டோனைட் களிமண் சிறந்தது. ஈரம் பட்டால் வீங்கித் தன் வெடிப்புகளைத் தானே அடைத்துக்கொள்ளும். இது ராஜஸ்தானிலும் கச்சுப் பகுதியிலும் மிகுதி. நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலிருந்து அகற்றப்படும் வெண்களிமண்ணை இதனோடு குழப்பலாகாது. அது பீங்கானுக்கு உரிய கயோலின் வகை, வீங்காதது.

இறுக்குவனவற்றில் சாம்பலும் கசடும் அடங்கும். நெய்வேலிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து கூடுதல். சாம்பல் கலந்த சிமெண்ட்டுக்கான இந்தியத் தரநிலை 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பலை அனுமதிக்கிறது. சிமெண்ட் இறுகும்போது வெளிப்படும் சுண்ணாம்போடு சாம்பல் சேர்ந்து நுண்துளைகளைக் குறுக்குகிறது. இறுகும்போது எழும் வெப்பமும் குறைவதால் பெரிய பாளங்கள் எளிதில் வெடிப்பதில்லை. சாம்பலிலும் இயற்கையான யுரேனியமும் தோரியமும் சிறிதளவு உண்டு. அடக்கப்படும் கழிவோடு ஒப்பிட்டால் அது பொருட்படுத்தத்தக்கதன்று.

ஊதுலைக் கசடு வேறொரு வேலையும் செய்கிறது. அதிலுள்ள கந்தகம் டெக்னீசியம்-99 என்னும் ஐசோடோப்பை நீரில் கரையாத நிலைக்கு மாற்றிவிடுகிறது. அதன் அரைவாழ்வு இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு மேல். அமெரிக்காவின் சவன்னா ரிவர் நிலையத்தில் உப்புக்கழிவை இறுக்கும் கலவையில் நெடுங்காலம் கசடு 45, சாம்பல் 45, சிமெண்ட் வெறும் 10 விழுக்காடாக இருந்தது. இங்கிலாந்தின் செல்லாஃபீல்டிலும் சாம்பல், கசடுக் கலவைகளே வழக்கம்.

கல்பாக்கம்

சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983இல் இயங்கத் தொடங்கியது. இங்குள்ள மையக் கழிவு மேலாண்மை நிலையம் தாழ்நிலை, இடைநிலைக் கழிவுகளைப் பக்குவப்படுத்துகிறது. கழிவின் வீரியத்துக்கு ஏற்ப அவை மண்குழிகளிலோ, கான்கிரீட் அகழிகளிலோ, ஆழமான குழாய்க் குழிகளிலோ இடப்படுகின்றன. சீசியம்-137இன் அரைவாழ்வு 30 ஆண்டுகள். பத்து அரைவாழ்வில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் என்பதால் சுமார் 300 ஆண்டுக் காவல் போதுமானது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் எழும்பி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன என்பதை நோக்க, இது எட்டாத காலம் அன்று. எரிபொருள் மறுபதப்படுத்தலில் எஞ்சும் உயர்நிலைக் கழிவுக்கு இம்முறை பொருந்தாது. அது போரோசிலிக்கேட் கண்ணாடியோடு உருக்கப்படுகிறது.

ஜாதுகுடா

சுரங்கக் கழிவே கதிரியக்கக் கழிவாகவும் இருப்பது ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில். 1967இல் தொடங்கப்பட்ட இந்திய யுரேனியக் கழகம் அங்கே தாதுவை எடுக்கிறது. நூறு கிலோ பாறையில் நூறு கிராம் யுரேனியம்கூடத் தேறாது. ஏறக்குறைய முழுப் பாறையும் அரைத்த மணலாக மிஞ்சுகிறது. அதில் பருமணல் தோண்டிய வெற்றிடங்களுக்கே திருப்பி நிரப்பப்படுகிறது. நுண்சேறு அணைக்குளத்தில் தேக்கப்படுகிறது. அக்குளத்தால் உடல்நலம் கெடுவதாகச் சுற்றுவட்டாரத்தார் சிலர் குறை கூறியதுண்டு. கண்காணிப்பு தொடர்கிறது.

இன்றைய நிலை

கழிவடக்கத்துக்கு அப்பால், அலுமினியத் தாதுவைப் பதப்படுத்துகையில் மிஞ்சும் செஞ்சேற்றிலிருந்து, ஈயம் இல்லாத எக்ஸ்-கதிர்த் தடுப்பு ஓடுகளைப் போபாலிலுள்ள மத்திய அரசு ஆய்வகம் உருவாக்கியுள்ளது. சிமெண்ட்டே இல்லாமல் சாம்பலைக் காரத்தால் இறுக்கும் ஜியோபாலிமர் ஆய்வுகளும் நடைபெறுகின்றன.