நாரதர் யாருக்குத் தூது? வள்ளி திருமணமும் சங்கரதாஸ் சுவாமிகளும்

ரெட்டியார்பாளையத்துலேர்ந்து பேசுறேன். இதே புதுச்சேரியில, கருவடிக்குப்பத்துல சங்கரதாஸ் சுவாமிகளோட சமாதி இருக்கு. 1867-ல தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர், 1922 நவம்பர் 13 அன்னிக்கு இங்கதான் காலமானார். அவர் எழுதின 'வள்ளி திருமணம்' நாடகத்துல வர்ற தூதுக்காரரைப் பத்தித்தான் இன்னிக்குப் பேச்சு.

காதலுக்கு நடுவுல நிக்கிற ஆள் தமிழுக்குப் புதுசில்ல. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையில ஊடல் தீர்க்கப் போறவங்கன்னு தொல்காப்பியம் 12 பேரைச் சொல்லுது. அவங்களுக்கு வச்ச பேரு 'வாயில்கள்'. வாசல்னு அர்த்தம். அவங்கள்ல முக்கியமானவ தோழி. தலைவி வாய்விட்டுச் சொல்ல முடியாத ஆசையை வீட்டுக்குத் தெரியப்படுத்துறதும் அவதான். அதுக்கு 'அறத்தொடு நிற்றல்'னு பேரு. அதாவது, பொண்ணோட ஆசையை இன்னொருத்தி பேசணும்.

கச்சியப்ப சிவாச்சாரியாரோட கந்தபுராணத்துல வள்ளி கதைக்குத் தூதுக்காரங்க பல பேர். வள்ளியைப் பார்த்துட்டுப் போய் முருகன்கிட்ட சொல்றவர் நாரதர். வள்ளியை பயமுறுத்த யானையா வர்றவர் அண்ணன் விநாயகர். முருகனோட கெஞ்சலுக்கு இணங்கி வள்ளியைக் கூட்டிட்டு வர்றவ தோழி. கடைசியில, பெத்தவங்க சம்மதமில்லாம கூட்டிட்டுப் போறது முறையான்னு கேட்கிறவரும் நாரதர்தான். ஆரம்பிச்சு வைக்கிறவரே ஊர் ஒத்துக்கிற மாதிரி முடிச்சும் வைக்கிறார்.

நாடக மேடைக்கு வந்தா கணக்கு மாறுது. தோழி பங்கு சுருங்கி, நாரதர் பங்கு பெருகிடுது. அவர் நேரா தினைப்புனத்துக்கே வந்து வள்ளிகிட்ட வாதம் பண்றார். கல்யாணம் எதுக்கு, யாரைக் கட்டிக்கப் போறேன்னு மடக்குறார். இது 'தர்க்கம்'. ஆனா முருகன் மேல ஆசையை அவர் விதைக்கல. போன பிறவியிலேயே முருகனுக்காகத் தவம் இருந்தவ வள்ளி. நாரதர் செய்யறது, அதை அவ வாயாலேயே சொல்ல வைக்கிறது. சங்கப் பாட்டுல தோழி பேசினதை இங்க வள்ளியே பேசுறா. எனக்கு இந்த நாடகத்துல பெரிய விஷயம் இதுதான்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்கள்ல இன்னும் நடக்கிற ஸ்பெஷல் நாடகத்துல இதுக்கு இன்னொரு முகம் இருக்கு. நடிகர்களைத் தனித்தனியா பேசிக் கூப்பிடுறதாலதான் அது 'ஸ்பெஷல்'. ஒத்திகை கிடையாது. ராத்திரி பத்து மணி வாக்குல தொடங்கி விடியவிடிய நடக்கும். பாட்டு சுவாமிகளோடது. தர்க்கமோ அன்னிக்கு வாய்க்கு வர்றது. நாரதர் வேஷக்காரர் என்ன கேட்பார்னு வள்ளி வேஷம் கட்டின அம்மாவுக்கு முன்கூட்டித் தெரியாது. புராணம், இலக்கியம், ஆணா பெண்ணா உசத்தின்னு எங்க வேணா இழுப்பார். பதில் சொல்லியே ஆகணும். தடுமாறினா கூட்டம் விடாது.

'கூத்தாடி'ங்கிற சொல்லை வசவா வச்சிருக்கிற ஊருங்க நம்மளது. மேடை ஏறுற பெண்களுக்கு அந்த வசவு இரட்டிப்பு. அதே ஊர் முன்னாடி, ஒரு பொண்ணு தனக்கு யார் வேணும்னு ஒரு ஆம்பளைகிட்ட மணிக்கணக்கா வாதாடி ஜெயிக்கிறா. அதுக்குக் கதவைத் திறந்து விடுறவர் நாரதர்.

அடுத்த தடவை உங்க ஊர்ல வள்ளி திருமணம் போட்டா, முருகன் வரட்டும்னு காத்திருக்காதீங்க. தர்க்கம் ஆரம்பிக்கும்போது டீக்கடைக்கு எழுந்து போயிடாம உட்கார்ந்து கேளுங்க.