நிலம் எழுப்பிய அணை: கட்ச் பூகம்பங்களின் கதை

குஜராத்தில் வாழும் நம்மவர்களிடம் பூகம்பம் என்று சொன்னால், 2001 ஜனவரி 26 என்று உடனே பதில் வரும். குடியரசு நாள் காலை 8.46 மணி. அன்றைக்கு யார் எந்த மாடியில் இருந்தார்கள், எந்தப் படிக்கட்டில் எப்படி இறங்கினார்கள் என்று வீட்டுக்கு வீடு ஒரு கதை உண்டு. ஆனால் கட்ச் மண்ணுக்கு அது முதல் அதிர்ச்சி அல்ல. அதற்கு ஏறத்தாழ 182 ஆண்டுகளுக்கு முன் அங்கே நிகழ்ந்த ஒரு பூகம்பம் உலக நிலவியல் நூல்களில் இடம்பிடித்திருக்கிறது. அதைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. அந்தப் பழைய கதையையும் நாம் பார்த்த புதிய கதையையும் சேர்த்து வைத்துப் படித்தால் ஒன்று புரிகிறது. பூமி ஆடுவது இயற்கையின் வேலை. ஆடிய பிறகு யாருக்கு என்ன ஆகும் என்பதில் மனிதர்கள் அதற்கு முன்பே செய்து வைத்த வேலைக்கும் பெரும் பங்கு இருக்கிறது.

1819 ஜூன் 16, மாலை ஏழு மணி சுமார். கட்ச் அரசு பிரிட்டிஷாரின் பிடிக்குள் வந்த அதே ஆண்டு. பூஜ் நகரில் மட்டும் ஏறக்குறைய 7,000 வீடுகள் விழுந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இடிபாடுகளில் மாண்டனர். அப்போது கட்சில் இருந்த ஜேம்ஸ் மக்மர்டோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி எழுதி வைத்த விவரங்களால்தான் நமக்கு இவ்வளவு தெரிகிறது. அகமதாபாத்தில், அகமது ஷா 1424-இல் கட்டி முடித்த ஜாமா மசூதியின் புகழ்பெற்ற ஆடும் மினார்கள் அந்த அதிர்ச்சியில்தான் சரிந்தன. மாணிக் சௌக் பக்கம் போகிறவர்கள் கவனித்துப் பாருங்கள். நடு வாயிலின் இரு பக்கமும் அழகான வேலைப்பாட்டோடு அடிப்பகுதி மட்டும் நிற்கும். மேலே ஒன்றும் இருக்காது.

ஆனால் பெரிய அதிசயம் வடமேற்கே, ரண் என்கிற உப்புச் சதுப்பில் நடந்தது. சிந்து நதியின் கிழக்குக் கிளையான பூரண் ஆற்றங்கரையில் சிந்த்ரி என்று ஒரு சிறு கோட்டை இருந்தது. சுங்கம் வசூலிக்கும் சாவடி அது. பூகம்பத்தில் அந்தக் கோட்டை இடிந்து விழவில்லை, நின்றபடியே தாழ்ந்தது! சுற்றியிருந்த நிலமெல்லாம் இறங்கி, கடல் நீர் உள்ளே புகுந்து பெரிய ஏரியாகிவிட்டது. கோட்டையில் இருந்தவர்கள் ஒரு கோபுரத்தில் ஏறித் தப்பித்து, மறுநாள் படகில் மீட்கப்பட்டார்கள். அவர்கள் வடக்கே பார்த்தபோது, முன்பு வெறும் சமவெளியாக இருந்த இடத்தில் நீளமாக ஒரு மண்மேடு எழுந்து நின்றது. ஏறத்தாழ 80, 90 கிலோமீட்டர் நீளம். சில இடங்களில் ஆறு மீட்டர் வரை உயரம். மனிதர்கள் கட்டிய அணைகளிலிருந்து பிரித்துச் சொல்ல, மக்கள் அதற்கு 'அல்லா பந்த்', அதாவது இறைவன் கட்டிய அணை என்று பெயர் வைத்தார்கள்.

1827, 1828 ஆண்டுகளில் அங்கே போன அலெக்சாண்டர் பர்ன்ஸ், நீர்ப்பரப்பின் நடுவே ஒற்றைக் கோபுரம் மட்டும் நிற்கக் கண்டார். இச்செய்திகளை சார்லஸ் லயல் தமது நிலவியல் நூலில் சேர்த்துக்கொண்டார். நிலம் மெல்ல மெல்ல மட்டுமல்ல, ஒரே மாலையில்கூட உயரவும் தாழவும் செய்யும் என்பதற்குக் கண்ணால் கண்ட சாட்சி ஐரோப்பிய அறிஞர்களுக்குக் கட்சிலிருந்து கிடைத்தது.

இறைவன் கட்டிய அணை என்று மக்கள் பிரித்துச் சொன்னார்களே, அப்படியானால் மனிதன் கட்டிய அணை எது? கதையின் முக்கியமான இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். 1762-இல் ஜாரா என்ற இடத்தில் சிந்துப் படைக்கும் கட்ச் படைக்கும் கடும் போர் நடந்தது. அதையொட்டி சிந்துவின் ஆட்சியாளர் குலாம் ஷா கல்ஹோரா, பூரண் ஆற்றின் குறுக்கே அணை போட்டுக் கட்சுக்குப் போகும் தண்ணீரைத் தடுத்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் அதே வேலையைத் தொடர்ந்தார்கள். லக்பத் வட்டாரத்தில் அதுவரை நெல் விளைந்தது. ஒரு நாளைக்கு லட்சம் கோரி (கட்ச் நாணயம்) வருமானம் வந்ததால்தான் லக்பத் என்று பெயர் வந்தது என ஊரில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. நல்ல தண்ணீர் நின்றதும் வயல் உப்பாயிற்று. 1819 பூகம்பம் எழுப்பிய மேடு, ஏற்கெனவே பாதி செத்திருந்த அந்த ஆற்றின் பாதையை மறித்துவிட்டது. 1826 வெள்ளத்தில் சிந்து நீர் அணைகளை உடைத்து அல்லா பந்தையும் அறுத்துக்கொண்டு ஒருமுறை சிந்த்ரி வரை வந்தது உண்மைதான். பழைய செழிப்பு மட்டும் திரும்பவில்லை. லக்பத் கோட்டைக்கு நான் போயிருக்கிறேன். 1801-இல் எழுப்பிய மதில் இன்னும் கம்பீரமாக நிற்கிறது. உள்ளே குருநானக் தங்கியதாகச் சொல்லப்படும் குருத்வாரா, சில கல்லறைகள், சில வீடுகள், அவ்வளவுதான். வழிகாட்டிகள் எல்லாப் பழியையும் பூகம்பத்தின் மேல் போட்டுவிடுகிறார்கள். பாவம், பூகம்பம் வாய் திறந்து பேசுமா என்ன!

சரி, இமயமலையிலிருந்து இவ்வளவு தூரத்தில் உள்ள கட்ச் ஏன் இப்படி ஆடுகிறது? இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. முட்டும் எல்லையில் இமயம் எழுகிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். கட்ச் அந்த எல்லையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு பழைய காயம் உண்டு. பதினைந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, பெருங்கண்டம் உடைந்தபோது, இங்கே நிலம் இழுபட்டு வரிசையாகப் பிளவுகள் விழுந்தன. அன்று இழுத்த அதே பிளவுகளை இன்று வடக்கிலிருந்து வரும் எதிர்ப்பு அழுத்துகிறது. நெடுங்காலம் சேர்ந்த அழுத்தம் தாங்காமல் ஒரு பிளவு சட்டென்று வழுக்கும்போது, ஒரு பக்கப் பாறை மறுபக்கத்தின் மேல் ஏறுகிறது. 1819-இல் அந்த ஏற்றம் மேடாக வெளியே தெரிந்தது. 2001-இல் பிளவு இருபது கிலோமீட்டர் ஆழம் அளவில் வழுக்கியது. மேலே அல்லா பந்த் போல எதுவும் எழவில்லை.

கட்ச் கடலோர மாவட்டமாயிற்றே, 2001-இல் ஏன் சுனாமி வரவில்லை என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. சுனாமிக்கு நிலம் ஆடினால் போதாது. கடலின் அடித்தரை பெரும் பரப்பில் உயரவோ தாழவோ வேண்டும். அப்போதுதான் மேலே உள்ள நீர் முழுவதும் ஆழம் வரை நகர்ந்து அலையாகும். 2001-இல் வழுக்கிய பிளவு நிலத்துக்குக் கீழே இருந்தது. 1819-இல் சிந்த்ரிக்குள் கடல் புகுந்ததற்கும் நிலம் தாழ்ந்ததே காரணம். அதே அரபிக் கடலில் 1945 நவம்பர் 28 அன்று, இப்போது பாகிஸ்தானில் இருக்கும் மக்ரான் கரைக்கு அப்பால் கடலுக்கடியில் பிளவு வழுக்கியது. அப்போது எழுந்த அலை கட்ச் கரைக்கும் வந்தது, மும்பைக்கும் வந்து உயிர்களைக் கொண்டுபோனது. சுனாமி என்றால் கிழக்குக் கடற்கரை விவகாரம் என்று இங்கே உள்ள நம்மவர்கள் எண்ணுகிறார்கள். 2004 டிசம்பர் 26-இல் நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அப்படி எண்ணுவதில் வியப்பில்லை. சுமத்ராவிலிருந்து அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சொல்லத்தான் ஆள் இல்லை. 2007-இல் ஹைதராபாத்தில் தொடங்கிய எச்சரிக்கை மையம் சுமத்ராவையும் மக்ரானையும் சேர்த்தே கவனிக்கிறது.

மறுபடி கட்சுக்கு வருவோம். 1956 ஜூலை 21-இல் அஞ்சார் நகரம் ஆடி 115 பேர் இறந்தனர். பூகம்ப வரைபடத்தில் கட்ச் மிக ஆபத்தான ஐந்தாம் மண்டலமாகப் பல ஆண்டுகளாகவே குறிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் அதே அஞ்சாரின் குறுகிய சந்துகளில், மண்ணில் கல்லை அடுக்கிய வீடுகள் மேலே மேலே உயர்ந்துகொண்டிருந்தன. 2001 குடியரசு நாள் ஊர்வலத்தில் அந்தச் சந்து வழியாகக் கொடி பிடித்துப் போன பள்ளிப் பிள்ளைகள் மேல் இரு பக்க வீடுகளும் சரிந்தன. 185 பிள்ளைகளும் 20 ஆசிரியர்களும் மாண்டார்கள். அவர்களுக்காக 2022-இல் அங்கே ஒரு நினைவகம் திறக்கப்பட்டது. சந்து இன்னும் பத்தடி அகலமாக இருந்திருந்தால்?

மொத்தத்தில் அரசுக் கணக்குப்படி 13,805 பேர் இறந்தனர். கட்ச் கிராமங்களில் 'பூங்கா' என்று வட்டமான வீடுகளைப் பார்த்திருப்பீர்கள் (நம்மூர்ப் பூங்கா அல்ல). வட்ட மண்சுவர், கூம்பாக லேசான கூரை. வட்டச் சுவருக்கு மூலை இல்லை. எந்தத் திசையில் ஆட்டினாலும் விசை பகிர்ந்துகொள்ளப்படுகிறது. மேலே கனமும் இல்லை. 1819-க்குப் பிறகுதான் இந்த அமைப்பு பரவியது என்று அங்கே சொல்கிறார்கள். 2001-இல் இவற்றில் பெரும்பாலானவை தாக்குப்பிடித்தன. அகமதாபாத் பழைய நகரத்தின் போள்களில், மரச்சட்டம் பின்னிக் கட்டிய வீடுகளும் பெரும்பாலும் நின்றன.

விழுந்தவை நம் காலத்து அடுக்குமாடிகள். மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் சுமார் 70 கட்டடங்கள் விழுந்து எழுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சபர்மதி கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண் அதிர்வைப் பெருக்கிக் காட்டும் என்பது ஒரு காரணம். கீழ்த்தளத்தைப் பார்க்கிங்குக்காகச் சுவரே இல்லாமல் மெல்லிய தூண்களில் நிறுத்தியது இன்னொன்று. மேலே ஐந்து மாடி கெட்டியாக இருக்க, கீழே கால்கள் மட்டும் துவண்டால் என்ன ஆகும்? கம்பி குறைவு, சிமென்ட் குறைவு, மொட்டைமாடியில் கணக்கில்லாத தண்ணீர்த் தொட்டி என்று மற்றவை பின்னால் வெளிவந்தன. ஒரே தெருவில் ஒன்று விழுந்து பக்கத்துக் கட்டடம் கீறலோடு நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். இரண்டுக்கும் அடியில் ஆடியது ஒரே பூமிதான்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2001 பிப்ரவரியிலேயே குஜராத் ஒரு பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைத்தது. வீட்டுக்காரரே வீட்டைக் கட்டிக்கொள்ள, பொறியாளர் பார்த்து ஒப்பிய பிறகு தவணையாகப் பணம் கொடுத்தார்கள். பூஜ் நகரச் சந்துகளை அகலப்படுத்த ஒவ்வொருவர் மனையிலிருந்தும் ஒரு பங்கு எடுத்தார்கள். சண்டை இல்லாமல் இல்லை, ஆனால் தெரு வந்தது. 2003-இல் மாநிலச் சட்டம் வந்தது. சுனாமிக்குப் பின் 2005-இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தபோது இங்கே கற்றது அதற்குப் பயன்பட்டது.

இப்போது நம் பகுதியில் பழைய ஃப்ளாட்களை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு நடக்கிறது. வேறு சில சொசைட்டிகளில் 2001-க்குப் பின் தூண்களுக்குப் போட்ட கான்கிரீட் உறையை, கார் நிறுத்த இடம் போதவில்லை என்று கொத்தி எடுக்கலாமா என்றும், கீழ்த்தளச் சுவரை உடைத்துக் கடை விடலாமா என்றும் யோசிக்கிறார்களாம். அந்தக் கூட்டத்துக்கு நம்மவர் யாராவது கட்டாயம் போங்கள். டைல்ஸ் என்ன நிறம், லிஃப்ட் எந்தக் கம்பெனி என்று கேட்பதற்கு முன்னால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அந்தக் கீழ்த்தளத் தூண்களில் எத்தனை கம்பி என்று எண்ணிப் பாருங்கள்.