போருக்கு வேண்டிய உடல், உரிமைக்கு வேண்டாத உடல்



1898-இல் ஸ்பெயினை வென்று பிலிப்பைன்ஸைத் தன் காலனியாக்கிய அமெரிக்கா, இரண்டாம் உலகப்போரில் ஜனநாயகத்தைக் காக்கப் போரிடுவதாகச் சொன்னது. நம் பொன்மலை ரயில் பணிமனையில் ஆங்கிலேயரின் போர் விமானங்கள் பழுதுபார்க்கப்பட்ட காலம் அது. சீனாவுக்குத் தளவாடம் அனுப்ப, அசாமின் லெடோவிலிருந்து பர்மா வழியாக அமெரிக்க ராணுவம் 1942 டிசம்பரில் சாலை போடத் தொடங்கியது. அதில் உழைத்த சுமார் 15,000 அமெரிக்கப் படைவீரர்களில் பத்தில் ஆறு பேர் கறுப்பர்கள். ஜனநாயகத்துக்காகப் போரிட்ட அந்த ராணுவத்திலேயே அவர்களுக்குத் தனிப் படைப்பிரிவுதான்.

இது நமக்குப் புதிதல்ல. முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டபோது 1917-இல் மகர் படைப்பிரிவை அமைத்த ஆங்கிலேய அரசு, 1921-இல் அதைக் கலைத்தது. அடுத்த போர் வந்ததும் 1941-இல் மீண்டும் மகர்களை அழைத்தது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த அண்ணல் அம்பேத்கர், 1946-இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐ.நா.வுக்குக் கறுப்பர்கள் அளித்த மனுவின் பிரதியைக் கேட்டார். தீண்டப்படாதோரும் அவ்வழியே செல்ல எண்ணுவதாகத் தெரிவித்தார்.

அமெரிக்க ராணுவத்தில் நிறப் பிரிவினையை ஒழிக்கும் ஆணை 1948-இல்தான் வந்தது. அதையும் போர்க்களத் தியாகம் மட்டும் பெற்றுத் தரவில்லை. ராண்டால்ஃப் போன்றோர் திரட்டிய மக்கள் போராட்டமே பெற்றுத் தந்தது. எந்தப் போரும் நம் விடுதலையைப் பரிசாகத் தராது. அமைப்பாவோம், உலகெங்கும் ஒடுக்கப்பட்டோரோடு கை கோப்போம்.