40 பிட் வேகத்தில் ஒரு வணக்கம்

ஆபீஸில் புதுசா சேர்ந்திருக்கும் பசங்களுக்கு நெட்வொர்க் பத்தி ரெண்டு மணி நேரம் பேசச் சொல்லி என் தலையில கட்டிட்டாங்க. வழக்கமான படங்களைப் போட்டு ஓட்டிக்கிட்டு இருந்தப்போ கடைசி வரிசையிலேர்ந்து ஒருத்தன் கேட்டான். "அண்ணா, உலகத்துல இத்தனை கோடி பேர் ஒரே நேரத்துல டேட்டா அனுப்பறாங்க. யார் எவ்வளவு அனுப்பலாம்னு முடிவு பண்றது யாரு?"

நல்ல கேள்வி. இதுக்குப் பின்னாடி ஒரு நூறு வருஷக் கதை இருக்கு. அங்கே சொல்ல நேரம் இல்லை, அதனால இங்கே. நடுவுல கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீங்க :-)

கதை ஆரம்பிக்கிற இடம் டென்மார்க். 1908ல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் ஏ.கே. எர்லாங் என்ற கணித ஆசாமி வேலைக்குச் சேர்ந்தார். அவர் முன்னால் இருந்த பிரச்சினை இதுதான். ஒரு எக்ஸ்சேஞ்சிலிருந்து இன்னொரு எக்ஸ்சேஞ்சுக்கு எத்தனை லைன் போடறது? ஆயிரம் சந்தாதாரர் இருக்காங்கன்னு ஆயிரம் லைன் போட்டா கம்பெனி திவால். பத்து லைன் மட்டும் போட்டா சந்தாதாரர்கள் சண்டைக்கு வருவாங்க.

யார் எப்போ போன் பண்ணுவாங்கன்னு தனித்தனியா சொல்ல முடியாது. ஆனா கூட்டமா பார்த்தா அந்தத் தாறுமாறுக்குள்ளேயும் ஒரு ஒழுங்கு இருக்கு என்று 1909ல் ஒரு கட்டுரையில் காட்டினார். 1917ல் வந்த கட்டுரையில், இத்தனை லைன் இருந்தா எத்தனை சதவீத அழைப்புகள் லைன் கிடைக்காமல் திரும்பும் என்பதற்கு சூத்திரமே கொடுத்துவிட்டார். இன்னிக்கும் படிக்கிறோமே, 'எர்லாங் பி', அதுதான். ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்க பிஸியாக இருந்தால் அது ஒரு எர்லாங்.

ஒரு சின்ன கணக்கு. வர்ற டிராஃபிக் 10 எர்லாங். கையில இருக்கறது 10 லைன். சரியாப் போச்சேன்னு தோணுதா? இல்லை. சூத்திரத்தில் போட்டுப் பாருங்க, சுமார் 21 சதவீதம் அழைப்புகள் திரும்பிப் போகும். ஏன்னா ஒருத்தர் வெச்ச உடனே அடுத்தவர் எடுக்கிற மாதிரி யாரும் வரிசையா கூப்பிடறதில்லை. அதை ஒரு சதவீதத்துக்குள் கொண்டுவர 18 லைன் வேணும். இன்னொரு வேடிக்கை, டிராஃபிக் பத்து மடங்காகி 100 எர்லாங் ஆனா 180 லைன் தேவையில்லை, சுமார் 117 போதும். கூட்டம் பெருசானா ஏற்ற இறக்கம் ஒண்ணுக்கொண்ணு சமன் ஆயிடும்.

ஆக டெலிபோன்காரர்களின் கொள்கை இது: இடம் இல்லைன்னா வாசல்லயே திருப்பி அனுப்பு. எஸ்.டி.டி. பூத் வாசலில் காத்துக்கிடந்தவர்களுக்கு நல்லாத் தெரியும், எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் இருக்குன்னு ஒரு அம்மா பொறுமையா சொல்வாங்க. நமக்கு எரிச்சலா இருக்கும், ஆனா ஏற்கனவே பேசிக்கிட்டு இருக்கிறவங்களுக்கு ஒரு பாதிப்பும் கிடையாது.

இன்டர்நெட் இந்த வாசலையே எடுத்துவிட்டது. இங்கே லைன் யாருக்கும் சொந்தமில்லை. டேட்டாவைத் துண்டு துண்டா பாக்கெட்டாக்கி, தபால்பெட்டியில் போடற மாதிரி போட்டுக்கிட்டே இருக்கலாம். வழியில் இருக்கும் ரவுட்டர் வரிசையில் வைத்து ஒவ்வொண்ணா அனுப்பும். வரிசை நிரம்பிட்டா மிச்சத்தைக் கீழே போட்டுடும். கிடைச்சுது என்ற ரசீது வரலைன்னா அனுப்பினவர் மறுபடி அனுப்பணும். 1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் டிசிபி/ஐபிக்கு மாறியபோது உள்ளே வந்த ஏற்பாடு இது.

இதில் ஒரு ஆபத்து ஒளிஞ்சிருக்குன்னு 1984 ஜனவரியிலேயே ஒருத்தர் எழுதினார். ஃபோர்டு ஏரோஸ்பேஸ் கம்பெனியில் இருந்த ஜான் நேகிள். நெரிசல் ஒரு அளவைத் தாண்டினா நெட்வொர்க் மெதுவாகறதோட நிக்காது, சரிந்து விழும், விழுந்த நிலையிலேயே கிடக்கும் என்றார்.

1986 அக்டோபரில் விழுந்தது. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே தூரம் வெறும் 400 கெஜம். நடந்தே போயிடலாம். அந்த இணைப்பின் வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு இறங்கியது. நாற்பதாயிரம் இல்லைங்க, நாற்பது! விநாடிக்கு 5 பைட். நம்ம யூனிகோடில் (யூடிஎஃப்-8) 'வணக்கம்' என்ற ஒரு வார்த்தைக்கு 21 பைட். அதாவது வணக்கம் சொல்லி முடிக்க நாலு விநாடிக்கு மேல். இந்தப் பதிவு சுமார் 25,000 பைட் வரும்னு வெச்சுக்குங்க, 32,000 பிட்டில் ஆறேழு விநாடியில் போகவேண்டியது, 40 பிட்டில் ஒண்ணேகால் மணி நேரம் தாண்டிடும்.

இத்தனைக்கும் கேபிள் அறுந்து போகலை. மெஷின் ரிப்பேர் ஆகலை. எல்லா கம்ப்யூட்டரும் தனக்குச் சொன்ன வேலையை ஒழுங்காத்தான் செஞ்சுது. ஊருக்கு லெட்டர் போடறோம், பதில் வரலை. தொலைஞ்சு போச்சுன்னு நினைச்சு அதையே இன்னொரு காப்பி போடறோம். நிஜத்தில் முதல் லெட்டர் தொலையவே இல்லை, தபால் மூட்டையில் தூங்கிக்கிட்டிருக்கு. ஊர்ல எல்லாரும் இப்படி செஞ்சா தபால்காரர் சுமக்கிறதெல்லாம் காப்பி மேல காப்பி. மூட்டை என்னவோ நிறைஞ்சுதான் இருக்கும், போய்ச்சேர வேண்டியதுதான் போய்ச்சேராது.

அந்த ஆய்வகத்தில் வேலை பார்த்த வான் ஜேக்கப்சன், பெர்க்லியில் யுனிக்ஸ் பார்த்துக்கொண்டிருந்த மைக் காரெல்ஸ், ரெண்டு பேரும் உட்கார்ந்து நோண்டினார்கள். கண்டுபிடித்த வைத்தியத்தின் சாரம் மூணு விஷயம்.

ஒண்ணு, ரசீதுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு குத்துமதிப்பா வைக்காதே. போய் வர ஆகும் நேரத்தையும், அது எவ்வளவு ஏறி இறங்குதுன்னும் அளந்து முடிவு பண்ணு. ரெண்டு, எடுத்த எடுப்பிலேயே மொத்தத்தையும் கொட்டாதே. முதல்ல ஒரு பாக்கெட், ரசீது வந்தா ரெண்டு, அப்புறம் நாலு, எட்டு. மூணு, பாக்கெட் காணாமப் போனா அது நெரிசலின் அறிகுறி, உடனே வேகத்தைப் பாதியாக் குறை, அப்புறம் ஒவ்வொண்ணா மெதுவா ஏத்து.

மூணாவதில் ஒரு அழகு இருக்கு. 100 பாக்கெட் தாங்கும் ஒரு பாதையில் ரெண்டு பேர். ஒருத்தர் 80 எடுத்துக்கிட்டார், இன்னொருத்தருக்கு 20. நெரிசல் வந்தது, ரெண்டு பேரும் பாதி: 40, 10. காலியான 50ல் ஆளுக்கு 25 ஏறுது: 65, 35. மறுபடி நெரிசல், மறுபடி பாதி, மறுபடி ஏத்தம்: 57.5, 42.5. ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லை, நடுவர் கிடையாது, ஆனா சமமாகிக்கிட்டே வர்றாங்க. குறைக்கும்போது அதிகம் வெச்சிருக்கிறவர் அதிகம் இழக்கிறார், ஏறும்போது ரெண்டு பேருக்கும் ஒரே அளவு. இதை 1989ல் சியூ, ராஜ் ஜெயின் இருவரும் கணித ரீதியா நிறுவினார்கள்.

இந்த வைத்தியத்துக்கு ரவுட்டர் எதையும் மாத்த வேண்டியிருக்கலை, ரெண்டு முனையில் இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் மாத்தினா போதும். 1988ல் பெர்க்லி யுனிக்ஸின் 'டாஹோ' வெளியீட்டில் வந்தது. அதே வருஷம் ஜேக்கப்சனின் கட்டுரையும் வந்தது. 1989ல் இன்டர்நெட்டில் இணையும் கம்ப்யூட்டர் எல்லாம் இதைச் செய்தே ஆகணும்னு விதியாவே எழுதிட்டாங்க.

விதி இருக்கு, சரி. போலீஸ்? கிடையாது. பாதியாக் குறைக்க மாட்டேன்னு ஒருத்தர் முரண்டு பிடிச்சா அவருக்குத்தான் லாபம், மத்தவங்க குறைச்ச இடத்தையெல்லாம் அவர் எடுத்துக்கலாம். 1999ல் சாலி ஃபிளாய்டு, கெவின் ஃபால் இருவரும் இதைத்தான் எச்சரித்தார்கள். இப்படிப்பட்டவர்கள் பெருகினா மறுபடி சரிவு வரும் என்று.

ஆனாலும் இத்தனை வருஷம் வண்டி ஓடுது. மனுஷங்க எல்லாம் நல்லவங்கன்னு நான் சொல்ல வரலை :-) இந்த மரியாதையை ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளே புதைச்சு வெச்சதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன். நானோ நீங்களோ புரோகிராம் எழுதும்போது இதைப்பத்தி யோசிக்கிறதே இல்லை. நமக்குத் தெரியாமலே நம்ம புரோகிராம் வழிவிட்டுப் போகுது.

எனக்குக் கவலை தருவது இனிமேல் நடக்கப்போறது. 2016ல் கூகிள் பிபிஆர் என்ற புது முறையை வெளியிட்டது (அதை எழுதியவர்களில் ஜேக்கப்சனும் ஒருவர்!). பாக்கெட் தொலையற வரைக்கும் காத்திருக்காமல், பாதையின் கொள்ளளவையே அளந்து அனுப்பும் முறை. அருமையான யோசனை. ஆனா அதன் முதல் வடிவம் சில சூழ்நிலைகளில் பழைய முறைக்காரர்களை ஓரங்கட்டுதுன்னு சோதனைகளில் தெரிஞ்சு, அப்புறம் திருத்த வேண்டி வந்தது. 2021ல் தரமாக்கப்பட்ட க்விக் முறையில் இந்த நெரிசல் கணக்கு பெரும்பாலும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை விட்டு வெளியே வந்து, பிரவுசருக்குள்ளும் கம்பெனிகளின் சர்வருக்குள்ளும் போயிடுச்சு. பெரிய கம்பெனி ஒண்ணு ராத்திரியோட ராத்திரியா ஒரு வரியை மாத்தினா, பாதிப் பாதையை எடுத்துக்கலாம். திருத்தமும் அதே வேகத்தில் வரலாம், அது நிஜம்தான். ஆனா எல்லாருக்கும் பொதுவா இருந்த ஒரு நடத்தை சில பேர் கைக்குப் போகும்போது, அவங்க என்ன செய்யறாங்கன்னு வெளியிலிருந்து அளந்து பார்க்கிற ஆட்கள் கண்டிப்பா வேணும். பிபிஆர் விஷயத்தில் அப்படி அளந்தவர்கள் இருந்ததாலதான் குறை தெரிஞ்சுது.

நெட்வொர்க் துறையில் இருக்கும் நண்பர்கள் இங்கே நிறைய பேர் வர்றீங்க. க்விக்கை நேரடியா மேய்ச்ச அனுபவம் இருந்தா பின்னூட்டத்தில் எழுதுங்க. எஸ்.டி.டி. பூத் கதைகளும் வரவேற்கப்படும்.