கோட்டோவியம் நடந்த கதை

ஒரு மொழியிற் பிறந்த நூலை மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்வார் படும் பாட்டைப் பிறமொழி வழங்கும் நாட்டில் வாழும் நாம் நன்கு அறிவோம். சொல்லைக் காத்தால் சுவை போகிறது. சுவையைக் காத்தால் சொல் போகிறது. ஏட்டிலே அசையாது நிற்கும் சித்திரக்கதையைத் திரையிலே ஓடும் படமாக ஆக்குவதும் இத்தகைய மொழிபெயர்ப்பே ஆகும். அத்தொழிலின் இடர்களை உணர்த்தவல்ல வரலாறு ஒன்று உண்டு. பெல்ஜிய நாட்டு வீரச்சிறுவன் டின்டின் திரைக்கு வந்த வரலாறே அது.

டின்டினைப் படைத்தவர் 1907-ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்த ஜார்ஜ் ரெமி என்பவர். தம் பெயரின் முதலெழுத்துக்களைத் தலைமாற்றிப் பிரெஞ்சு ஒலிப்பிலே சொல்லி, 'ஹெர்ஜே' என்னும் புனைபெயரை அமைத்துக்கொண்டார். 1929 சனவரி 10-ஆம் நாள், சிறுவர்க்கான வார இணைப்பிதழ் ஒன்றில் டின்டினும் அவனுடைய வெள்ளை நாயும் முதன்முதல் தோன்றினர். அவர் கைவண்ணத்தின் சிறப்பு யாதெனில், எங்கும் ஒரே அளவான தெளிந்த கோடு, நிழற்பூச்சு இல்லை, மிகை இல்லை. டின்டினின் முகமோ ஒரு வட்டம், இரு புள்ளி, சில கீற்று, அவ்வளவே. படிப்பவன் எந்நாட்டுச் சிறுவனாயினும் அவ்வெற்று முகத்திலே தன் முகத்தைக் கண்டுகொள்ள இயன்றது.

பிற்காலத்துத் திரைப்படத்திற்கு அடிப்படையான கதைகள் மூன்றும் ஓர் இருண்ட காலத்திலே வரையப்பட்டவை என்பதை நாம் மறத்தலாகாது. 1940-ஆம் ஆண்டு ஜெர்மானியப் படை பெல்ஜியத்தைக் கைப்பற்றியது. டின்டினை வெளியிட்டுவந்த நாளிதழ் நின்றது. ஹெர்ஜே, ஜெர்மானியர் கட்டுப்பாட்டில் இயங்கிய 'லெ சுவார்' நாளிதழிற் சேர்ந்தார். 'பொற்கொடுக்கு நண்டு', 'யூனிகார்ன் மருமம்', 'சிவப்பு ராக்கமின் புதையல்' ஆகிய மூன்றும் 1940 முதல் 1943 வரை அவ்விதழிலே தொடர்ந்து வந்தன. சுற்றிலும் போர் நடக்க, கதை கடலுக்கும் புதையலுக்கும் சென்றுவிட்டது. குடிகாரராயினும் நெஞ்சிற் சூதில்லாத காப்டன் ஹாடக் அறிமுகமானதும் இக்காலத்தேதான். அதே ஏட்டில் வந்த மற்றொரு கதையில் யூதரை இழித்துக் காட்டும் பகுதி இடம் பெற்றது. அஃது அவர் புகழிற் படிந்த கறையே. அதனை மறைத்து எழுதுதல் வரலாறு ஆகாது.

1944 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸ் விடுதலை பெற்றதும் ஹெர்ஜே கைது செய்யப்பட்டார். பகைவர் ஏட்டில் எழுதியோர்க்குப் பத்திரிகைத் தொழிலின் கதவு அடைக்கப்பட்டது. அவர்மீது வழக்குத் தொடரப்படவில்லையாயினும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவரது கதை எவ்விதழிலும் புதிதாக வரவில்லை. அவரை மீட்டவர், ஜெர்மானியரை எதிர்த்து மறைந்திருந்து போராடிய ரேமோன் லெப்லான் என்பவர் என்பது வியப்புக்குரியது. 1946 செப்டம்பரில் 'டின்டின்' என்னும் பெயரிலேயே ஒரு வார இதழை லெப்லான் தொடங்கினார்.

அடுத்த ஆண்டே டின்டின் திரைக்கு வந்தான். 1947-இல் குளோத் மிசோன் என்னும் அம்மையார் 'பொற்கொடுக்கு நண்டு' கதையைப் பொம்மைகளைக் கொண்டு படமாக்கினார். பொம்மையைச் சிறிதே அசைத்து ஒரு படம், மீண்டும் சிறிதே அசைத்து ஒரு படம் என நொடிக்குப் பலவாக எடுத்துத் தொடுக்கும் முறை அது. எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்! ஆயினும் பிரஸ்ஸல்ஸ் அரங்கில் மிகச் சில முறையே அப்படம் காட்டப்பட்டது. தயாரிப்பாளர் கடனில் மூழ்கி நாட்டை விட்டே அகன்றார். படமும் மக்கள் கண்ணிலிருந்து மறைந்தது. பெல்ஜிய நாட்டுத் திரைப்படக் காப்பகத்தில் ஒரு படி தங்கியிருந்தமையால் அன்றோ அம்மையாரின் உழைப்பு முற்றும் அழியாது பிழைத்தது!

பின்னர் லெப்லானே 'பெல்விஷன்' என்னும் கூடத்தை நிறுவினார். அங்கிருந்து 1969-இல் 'டின்டினும் கதிரவன் கோயிலும்', 1972-இல் 'டின்டினும் சுறா ஏரியும்' என்னும் இரு முழுநீள இயங்குசித்திரப் படங்கள் வந்தன. இவற்றுள் இரண்டாவதன் கதை ஹெர்ஜே இயற்றியதன்று. தாளில் ஒரு கட்டத்திற்கும் அடுத்த கட்டத்திற்கும் இடையே படிப்பவன் மனம் தானாக ஓடி நிரப்பிய இடைவெளியைத் திரையில் ஓவியர் நிரப்ப வேண்டியதாயிற்று. அவ்வாறு நிரப்பும்போது ஹெர்ஜேயின் கோட்டிலிருந்த கூர்மை மழுங்கிற்று எனப் பலரும் குறைப்பட்டனர்.

1981-ஆம் ஆண்டு அமெரிக்க இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் புதையல் வேட்டைப் படம் ஒன்று வெளிவந்தது. அதனைப் பிரெஞ்சு மதிப்புரை ஒன்று டின்டினோடு ஒப்பிட்டிருந்தது. டின்டின் யாரென்றே அறியாத அவர் அந்நூல்களை வாங்கினார். பிரெஞ்சு மொழி அறியாவிடினும் சித்திரங்களைக் கொண்டே கதையைப் புரிந்துகொண்டார். ஹெர்ஜேயும் அவரைப் பெரிதும் மதித்தார். ஆனால் இருவரும் நேரிற் காணுமுன்னரே, 1983 மார்ச் 3-ஆம் நாள், ஹெர்ஜே காலமானார். தமக்குப் பின் எவரும் டின்டின் கதையைப் புதிதாக வரைதல் கூடாது என்பது அவர் விருப்பம்; அதனை அவர் துணைவியார் காத்துவந்தார். திரைக்குரிய உரிமை மட்டும் ஸ்பீல்பெர்க்கிடம் சென்றது, பின்னர் நழுவியது, 2002-இல் மீண்டும் அவரிடம் வந்தது.

மனித நடிகரைக் கொண்டு எடுப்பதா, ஓவியமாக்குவதா என்பதே அவரை வருத்திய ஐயம். நடிகர் எத்துணை ஒப்பனை செய்யினும் ஹெர்ஜேயின் உருவம் ஆகமாட்டார். வெறும் ஓவியமோ, முன்னவர் செய்த முயற்சியே ஆகும். நியூசிலாந்து இயக்குநர் பீட்டர் ஜாக்சன் இதற்கு ஒரு வழி காட்டினார். தாமே ஹாடக் வேடம் புனைந்து, கணினியில் ஆக்கிய நாயுடன் ஒரு சோதனைப் படம் எடுத்தனுப்பினார். அவ்வழி துணியப்பட்டது. 2009-இல் நடிகர்கள் உடலெங்கும் குறிப்புள்ளிகள் ஒட்டிய உடை அணிந்து வெற்று அரங்கிலே நடித்தனர். சுற்றி நின்ற கருவிகள் அப்புள்ளிகளின் அசைவைப் பதிந்தன. அவ்வசைவின்மேல் வெலிங்டன் நகரத்து வெட்டா டிஜிட்டல் கூடத்தார் தோலும் துணியும் கடலும் கப்பலும் ஆக்கிப் போர்த்தினர். டின்டினாக ஜேமி பெல்லும், ஹாடக்காக ஆண்டி செர்கிஸும் நடித்தனர். இயக்குநராக ஸ்பீல்பெர்க் ஆக்கிய முதல் இயங்குசித்திரப் படம் இதுவே.

மூன்று கதைகளை ஒன்றாகப் பின்னியதால் சில மாற்றங்கள் நேர்ந்தன. மூலத்தில் தீங்கற்ற கப்பற்பொம்மைச் சேகரிப்பாளராக வரும் சாக்கரின், படத்திலே கொடியவனாகி, பழங்கடற்கொள்ளையன் ராக்கமின் வழித்தோன்றலும் ஆகிறான். மொரோக்கோ நாட்டு நகரில், பறந்தோடும் தாள்களைத் துரத்திச் செல்லும் காட்சி வெட்டே இன்றி ஒரே வீச்சில் ஓடுகிறது. அது மூலத்தில் இல்லாதது. ஆயினும் ஹெர்ஜே விரும்பிய வேகத்தைத் திரைக்குரிய மொழியிலே சொல்வது. மொழிபெயர்ப்பாளன் எடுத்துக்கொள்ளத் தகும் உரிமை இதுவென்பது எம் கருத்து.

2011 அக்டோபரில் ஹெர்ஜேயின் பிறப்பிடமாகிய பிரஸ்ஸல்ஸிலே படம் முதன்முதல் காட்டப்பட்டது. நவம்பரில் நம் நாட்டிற்கு வந்தது; அமெரிக்கர் திசம்பர் வரை காத்திருந்தனர். உலகெங்கும் ஏறத்தாழ 37 கோடி டாலர் ஈட்டியது. 2012-இல் கோல்டன் குளோப் பரிசு பெற்றது. எனினும் மூலத்தில் ஊறியவருட் சிலர் கடிந்து எழுதினர். இரு புள்ளியாக இருந்த கண்ணுக்கு இமையும் ஈரமும் வந்தபின், அது நம் முகமாக இல்லாது வேறொருவன் முகமாகிவிட்டது என்பதே அவர் வருத்தம். அதனை நாம் எளிதில் தள்ளுதற்கில்லை. தெளிவான கோட்டின் பெருமை, அது சொல்லாமல் விட்டதில் இருந்தது. கணினியோ எதனையும் விடாது சொல்லிவிடுகிறது.

ஆயினும் படத்தின் தொடக்கத்தில் ஒரு காட்சி உண்டு. சந்தையிலே தெருவோர ஓவியர் ஒருவர் டின்டினை உருவெழுதிக் கொடுக்கிறார். அவர் முகம் ஹெர்ஜேயின் முகம். தாளில் இருப்பதோ பழைய இரு புள்ளிக் கண். புதிய படைப்பாளர் மூலவரை முதலில் வணங்கி, அவர் கோட்டை நமக்குக் காட்டியபின்னரே தம் வேலையைத் தொடங்குகின்றனர். தாம் செய்வது மூலமன்று என்பதை இதனினும் பணிவாகச் சொல்லுதல் அரிது.

வங்கத்தில் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலதன்று. 'திபெத்தில் டின்டின்' கதையிலே குதுப்மினாரும் செங்கோட்டையும் வருகின்றன. 1970-களில் 'ஆனந்தமேளா' இதழ் வாயிலாக, கவிஞர் நீரேந்திரநாத் சக்கரவர்த்தியின் பெயர்ப்பில் டின்டின் வங்காளி பேசினான். பிரெஞ்சில் 'மிலு'வாகவும் ஆங்கிலத்தில் 'ஸ்னோயி'யாகவும் இருந்த நாய் இங்கே 'குட்டூஸ்' ஆயிற்று. இங்கு வளரும் பிள்ளைகள் பலர்க்கு அந்நாயின் பெயர் குட்டூஸ்தான். பிரஸ்ஸல்ஸ் அவர்க்கு நினைவில்லை. இதனை இழப்பு என்பதா, ஆக்கம் என்பதா?

இரண்டுமே எனக் கூறுவோம். ஊரை விட்டு வந்த எப்பொருளும் ஏதோ ஒன்றை வழியிலே இழந்துதான் வருகிறது. வந்த இடத்தில் ஏதோ ஒன்றைப் பெறவும் செய்கிறது. நம் பிள்ளைகளின் தமிழும் அத்தகையதே அன்றோ? காக்க வேண்டுவது ஒன்றே: மூலம் எங்கேனும் ஒரு படியாவது அழியாதிருத்தல் வேண்டும். காப்பகத்தில் ஒரு படி இருந்தமையால் 1947-ஆம் ஆண்டுப் பொம்மைப் படம் பிழைத்தது. அழகிய கோட்டால் ஆகிய நூல்கள் நூலகங்களில் இருக்கின்றன. ஆதலின் 2011-ஆம் ஆண்டுப் படத்தை நாம் அஞ்சாது கண்டு மகிழலாம். படம் பார்த்து வரும் சிறுவனின் கையில் மூலநூலையும் கொடுத்துவிடுதல் நம் கடன்.